சடங்கை விட்ட வீட்டில் துக்கம்

என் ஆயாவின் தகரப் பெட்டியில், பழைய புடவைகளுக்கு அடியில், ஒரு திருமண அழைப்பிதழ் இருந்தது. மங்கிப்போன இளஞ்சிவப்புத் தாள். மேலே பிள்ளையார் சுழி இல்லை. நல்ல நேரம், லக்னம் எதுவும் இல்லை. 1952ஆம் ஆண்டு, கடலூர் மஞ்சக்குப்பம், மாலை 6 மணி, 'வாழ்க்கை ஒப்பந்த விழா' என்று இருந்தது. கீழே தலைமை தாங்குபவர், முன்மொழிபவர், வாழ்த்துரை வழங்குபவர்கள் என்று ஏழு பெயர்கள். ஏழும் ஆண்கள்.

சின்ன வயதில் அதை எடுத்துக் காட்டி, "ஏன் ஆயா, உன் கல்யாணத்துல யாரும் பாட்டுப் பாடலயா?" என்று கேட்டிருக்கிறேன். "பாட்டு ஏது? பேசினாங்க பேசினாங்க, ராத்திரி பத்து மணி வரைக்கும் பேசினாங்க. எனக்குத் தூக்கமா வந்துச்சு. ஆனா ஒண்ணு, யாரும் என்னைக் குனிஞ்ச தலை நிமிராம உக்காரச் சொல்லல" என்றார்.

அந்தப் பதிலில் இருந்த இரண்டு பாதிகளையும் சேர்த்துப் புரிந்துகொள்ள எனக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மதத்தை விட்டு வெளியே வந்த பெண்களுக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்காமல் போனது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதிப் பார்க்கிறேன். கடலூரும் சிதம்பரமும் என் ஊர்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நிமிர்ந்த தலை

கடலூரில் சுயமரியாதை இயக்கம் என்றதும் ஆண்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1944இல் பெரியார் கூட்டம் முடிந்து ரிக்ஷாவில் கெடிலம் ஆற்றுப் பக்கம் போகும்போது யாரோ ஒரு செருப்பை வீசினார்கள். ஒற்றைச் செருப்பால் யாருக்கும் பயனில்லை என்று அவர் ரிக்ஷாவைத் திருப்பச் சொன்னார், இன்னொன்றும் வந்து விழுந்தது, இரண்டையும் எடுத்துக்கொண்டு போனார். 1972இல் கடலூரில் அவருக்குச் சிலை வைத்தார்கள். என் தாத்தா இந்தக் கதையைச் சொல்லாத நாள் குறைவு. கதையில் செருப்பு இருக்கிறது, ரிக்ஷா இருக்கிறது, சிலை இருக்கிறது. பெண் யாரும் இல்லை.

பெண்களின் கதை பெட்டிக்குள் இருந்தது. 1928இல் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தம் கிராமத்தில் புரோகிதர் இல்லாமல் நடந்த திருமணத்தை இயக்கத்தின் முதல் சுயமரியாதைத் திருமணம் என்று சொல்வார்கள். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாண மாநாடு, பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை, தன் இணையைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமை, மணமுறிவு உரிமை, கைம்பெண் மறுமணம் ஆகியவற்றைத் தீர்மானமாக எழுதி வைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஈரோட்டில் குஞ்சிதமும் குருசாமியும் மணந்துகொண்டார்கள். சாதி மறுப்பு, புரோகித மறுப்பு, தாலி மறுப்பு என்று ஒன்றின்மேல் ஒன்றாக அந்த ஆண்டுகளில் திருமணப் பந்தல்கள் மாறின. ராகு காலத்தில் நடந்த திருமணங்கள் உண்டு. கைம்பெண் முன்னின்று நடத்திய திருமணங்கள் உண்டு. எந்தச் சுபகாரியத்திலும் எதிரே வரக்கூடாது என்று ஒதுக்கி வைக்கப்பட்ட ஒருத்தி மாலையை எடுத்துக் கொடுப்பது எத்தனை பெரிய காரியம் என்பது, அப்படி ஒதுக்கப்பட்டவளுக்குத்தான் தெரியும்.

திருமணமே ஒரு பொதுக்கூட்டம். கருத்தடை, சொத்துரிமை, பெண் கல்வி என்று பேச்சு நீளும். சாப்பாடு ஒரு வேளை. பேசியவர்களில் பெண்களும் இருந்தார்கள், ஆனால் எல்லா மேடையிலும் இல்லை. என் ஆயாவின் மேடையில் இல்லை.

இந்த மாற்றத்துக்குச் சட்டம் லேசில் தலையசைக்கவில்லை. ஆயாவுக்குத் திருமணமான மறு ஆண்டே, 1953இல், தெய்வானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 1934இல் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. சாத்திரப்படியான சடங்கும் இல்லை, தொன்றுதொட்டு வந்த வழக்கமும் இல்லை, ஆகவே அது திருமணமே இல்லை. அந்தத் திருமணத்தில் பிறந்த பிள்ளைகள் சட்டத்தின் கண்ணில் முறையற்ற பிள்ளைகள் ஆனார்கள். மேடையில் ஒப்பந்தம் வாசித்த ஆண்களுக்கு இது கொள்கைப் பிரச்சினை. வயிற்றில் பிள்ளையோடு இருந்த பெண்களுக்கு? என் அம்மா பிறந்தது 1955இல். ஆயா அந்த அழைப்பிதழைப் பத்திரமாக வைத்திருந்ததற்குக் காரணம் நினைவு மட்டும் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. தனக்குக் கல்யாணம் ஆனதற்கு அவரிடம் இருந்த ஒரே சான்று அது.

அண்ணா முதலமைச்சரான பிறகு, 1967இல், இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உற்றார், நண்பர்கள் முன்னிலையில் இருவரும் தமக்குப் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலோ, தாலி கட்டினாலோ போதும். முன்பு நடந்த திருமணங்களுக்கும் இது செல்லும் என்றது சட்டம். ஆயா பதினாறு ஆண்டுகள் கழித்துச் சட்டப்படி மனைவியானார். 2023இல் உச்ச நீதிமன்றம், இத்தகைய திருமணம் ஊரறிய நடந்தாக வேண்டும் என்பதில்லை என்றும் தெளிவுபடுத்தியது. வீட்டை விட்டு வெளியேறி மணக்கும் பெண்களுக்கு இது உயிர்ப் பாதுகாப்பு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 7அ பிரிவு இரண்டு இந்துக்களுக்கு இடையே நடக்கும் திருமணத்துக்கு மட்டும்தான். கடவுளை மறுத்தவர்களும் இந்து என்று கையெழுத்திட்டுத்தான் அதன் நிழலில் நிற்க முடிகிறது. மதம் கடந்து மணப்பவர்கள் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தைத்தான் நாட வேண்டும்.

ஆக, திருமணம் என்ற ஒரு வாசலில் இயக்கம் ஒரு முழு மாற்றை உருவாக்கியது. அதற்கு ஒரு வடிவம் இருந்தது, சொற்கள் இருந்தன, பிறகு சட்டமும் வந்தது. ஆயாவின் நிமிர்ந்த தலை அதிலிருந்து வந்தது.

படத்திறப்புக்கு மறுநாள்

தாத்தா 1983இல் இறந்தார். தான் இறந்தால் எந்தச் சடங்கும் கூடாது என்று எழுதி வைத்திருந்தார். அப்படியே நடந்தது. கருப்புக் கொடி, மலர் வளையம், வீரவணக்கம். ஆயாவின் வளையலை யாரும் உடைக்கவில்லை. பொட்டை யாரும் அழிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் அது எப்படி நடக்கும் என்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் இந்த இல்லாமையின் அருமை தெரியும். கருமாதி அன்று விடிவதற்குள், பூவும் பொட்டும் வைத்து, கை நிறைய வளையல் அடுக்கி, பெண்ணை உட்கார வைப்பார்கள். பிறகு ஒவ்வொன்றாக எடுப்பார்கள். எடுப்பவர்களும் பெண்களே, முன்பே அறுத்தவர்கள். ஆணாதிக்கம் தன் காரியத்தைப் பெண்ணின் கையாலேயே முடித்துக்கொள்ளும் இடங்களில் இது ஒன்று. ஆயாவுக்கு அது நேரவில்லை. அதற்காக நான் இன்றும் தாத்தாவின் இயக்கத்துக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

ஒரு வாரம் கழித்துப் படத்திறப்பு. எட்டுப் பேர் பேசினார்கள். தாத்தாவின் தியாகம், சிறை, செருப்புக் கதை. ஆயா உள்ளே அடுப்படியில் வந்தவர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து யாரும் வரவில்லை.

"சடங்குன்னா பதினாறு நாளு சொந்தக்காரப் பொம்பளைங்க வந்து உக்காருவாங்க. நமக்குத்தான் ஒண்ணும் கிடையாதே, என்னாத்துக்கு வரணும்னு அவங்களும் விட்டுட்டாங்க" என்று பின்னாளில் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். யாரும் கெட்ட எண்ணத்தில் வராமல் இருக்கவில்லை. எப்போது வர வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

சடங்கு என்ன செய்கிறது என்பது இந்த இடத்தில்தான் எனக்குப் பிடிபட்டது. இழவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்பார்கள். தீட்டு என்பார்கள். காரணம் எதுவாக இருந்தாலும் விளைவு ஒன்று: பங்காளி வீட்டிலிருந்தும் சம்பந்தி வீட்டிலிருந்தும் சாப்பாடு வந்தே தீர வேண்டும். கேட்க வேண்டியதில்லை, கூச்சப்பட வேண்டியதில்லை. இரண்டாம் நாள் பால் தெளி, பிறகு எட்டு, பிறகு பதினாறு என்று நாள் குறித்திருக்கிறது. துக்கப்படுகிறவள் யாரையும் கூப்பிட வேண்டாம். நாள் அவர்களைக் கூப்பிடும்.

ஒப்பாரியும் அப்படித்தான். செத்தவரைப் பற்றியா பாடினார்கள்? நாத்தனார் செய்த கொடுமை, அண்ணன் தராத சீர், குடித்துவிட்டு அடித்த கதை என்று வேறு எங்கும் வாய்விட்டுச் சொல்ல முடியாததை எல்லாம் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முறை வைத்து, ஊர் கேட்கச் சொன்னார்கள். பகுத்தறிவு வீட்டில் ஒப்பாரி கூடாது, அது பட்டிக்காட்டு வழக்கம். 1933 மே மாதம் நாகம்மையார் இறந்த மறுநாளே பெரியார் திருச்சிக்குப் போய்த் தடையை மீறி ஒரு கிறித்தவத் திருமணத்தை நடத்திக் கைதானார் என்பதை இயக்கக் குடும்பங்கள் பெருமையோடு சொல்லும். அவரே நாகம்மையாரைப் பற்றி 'குடி அரசு' இதழில் நெஞ்சம் கனத்து எழுதினார் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. ஆணுக்கு மேடை இருந்தது, பத்திரிகை இருந்தது, மறுநாள் போக ஓர் ஊர் இருந்தது. அடுப்படியில் இருந்தவளுக்கு அழுவதற்கு இருந்த ஒரே வடிவத்தை எடுத்துக்கொண்டோம். பதிலுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

கோயிலுக்குப் போன ஆயா

தாத்தா இறந்து நான்கு மாதம் கழித்து ஆயா சாயங்காலங்களில் திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயிலுக்குப் போகத் தொடங்கினார். வீட்டில் பெரிய சண்டை. என் மாமா, "அப்பா பேரைக் கெடுக்கிறியாம்மா" என்று கத்தினார். ஆயா நிதானமாகச் சொன்னார்: "சாமிக்கிட்ட யாரு போறா? மண்டபத்துல உக்காந்தா நாலு பொம்பளைங்க பேசுறாங்க. நீ என்னை எங்க கூட்டிட்டுப் போன?"

மாமாவிடம் பதில் இல்லை. எங்கள் இயக்கத்திடமும் பதில் இல்லை. தெருமுனைப் படிப்பகத்தில் நான்கு பத்திரிகைகளும் இரண்டு பெஞ்சுகளும் இருந்தன. அங்கே பெண் யாரும் போய் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நெடுஞ்செழியனையும் அன்பழகனையும் தந்தது. விடுதி அறைகளில் இரவெல்லாம் விவாதம் நடந்தது. அந்த ஆண்கள் மதத்தை விட்டபோது தனியாகவில்லை. விட்ட உடனே தோள்மீது கை போட ஒரு கூட்டம் இருந்தது. அவர்களுடைய மனைவிகளும் அம்மாக்களும் அதே கொள்கையால் தெருவில் தனியானார்கள்.

கோயில் ஒரு பெண்ணுக்கு என்னவாக இருந்தது என்பதை நம்பிக்கை என்ற சொல்லால் மட்டும் அளக்க முடியாது. காரணம் சொல்லாமல் வீட்டை விட்டுப் போகக்கூடிய இடம் அது. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள், திரௌபதி அம்மன் கோயிலில் விடிய விடியக் கூத்து, தேவனாம்பட்டினம் கடற்கரையில் மாசி மகம், சிதம்பரத்தில் ஆனியிலும் மார்கழியிலும் தேர். ஆண்டு முழுவதும் பரவிக் கிடந்த வெளியேறும் உரிமைச் சீட்டுகள் அவை. சாமி ஆடும் பெண் புருஷனை ஒருமையில் கூப்பிடலாம். வேறு எந்த நாளில் முடியும்?

எழுபது, எண்பதுகளில் எங்கள் மாவட்டத்தில் நடந்ததை நினைத்துப் பார்க்கிறேன். படிப்பகங்கள் ஆண்களோடு சுருங்கிக்கொண்டிருந்தபோது மேல்மருவத்தூர் மன்றங்கள் ஊர் ஊராக முளைத்தன. மாதவிலக்கு நாளிலும் கருவறைக்கு வரலாம், பெண்களே பூசை செய்யலாம், வாரம் ஒரு நாள் மன்றத்தில் கூடலாம், சிவப்புப் புடவை கட்டிக் கூட்டமாகப் பேருந்தில் போகலாம். தீட்டை எதிர்த்து அரை நூற்றாண்டு பேசியவர்கள் நாங்கள். அதை ஒரு வாரக் கூட்டமாக மாற்றிக் கொடுத்தது வேறு யாரோ. பெண்கள் மூடநம்பிக்கையால் போனார்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அவர்கள் எங்கே அழைக்கப்பட்டார்களோ அங்கே போனார்கள் என்பதுதான் நான் கண்டது.

இதைச் சொல்லும்போதே கோயிலை ஒரு சொர்க்கமாக்கிவிடக் கூடாது என்றும் எச்சரிக்கையாக இருக்கிறேன். ஆயா உட்கார்ந்த மண்டபத்தில் எல்லாப் பெண்களும் உட்கார முடிந்ததில்லை. சென்னை மாகாணத்தில் 1947இலும் ஆலய நுழைவுக்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது. தில்லைக்குள் நுழைய நந்தன் நெருப்பில் இறங்க வேண்டியிருந்தது என்று புராணமே சொல்கிறது. அதே சிதம்பரத்தில் 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கினார். அவர் ஆன்மிகவாதிதான். ஆனால் சாத்திய கதவுக்கு அவர் தந்த பதில் ஒரு பள்ளிக்கூடமும் விடுதியும். கோயிலே கூண்டாக இருந்த பெண்களும் உண்டு. பக்கத்தில் மாயவரம் மூவலூரைச் சேர்ந்த இராமாமிர்தம் அம்மையார் அந்தக் கூண்டிலிருந்து வந்தவர். தேவதாசி முறை 1947இல் சட்டத்தால் ஒழிவதற்கு முன்பே, 1936இல் அதைப் பற்றி நாவல் எழுதினார். 1938இல் இந்தி எதிர்ப்புப் படையோடு திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தார். அந்த நவம்பரில் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடுதான் ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' என்ற பட்டத்தைத் தந்தது. அடுத்தடுத்த நாட்களில் பெண்கள் கைக்குழந்தைகளோடு சிறைக்குப் போனார்கள். அந்தப் பெண்களுக்கு இயக்கம் ஒரு கூட்டத்தை, தோழமையை, பயணத்தைத் தந்தது. போராட்டம் நடக்கும் வரை அது இருந்தது. போராட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமை மாலைக்கு என்ன என்பதுதான் கேள்வி.

இழவு வீட்டுச் சடங்கும் அப்படிப் புனிதமானதல்ல. பறை அடிக்கவும், துணி வெளுக்கவும், மயிர் மழிக்கவும், குழி வெட்டவும் சாதி வைத்து ஆள் பிடித்துத்தான் அந்தப் பதினாறு நாளும் ஓடியது. அந்த ஊழியத்திலிருந்து அவர்கள் விடுபட வேண்டுமானால் பழைய சடங்கு போகத்தான் வேண்டும். போனதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. போன இடம் காலியாக இருப்பதைப் பற்றித்தான் பேசுகிறேன்.

அணையாத அடுப்பு

எங்கள் மண்ணிலேயே ஒருவர் இந்தக் காலியிடத்தைப் பற்றி யோசித்திருக்கிறார். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் மருதூரில் 1823இல் பிறந்த வள்ளலார். அவர் கடவுளை மறுத்தவர் அல்ல, அவரை நம் பக்கம் இழுக்கவும் நான் விரும்பவில்லை. ஆனால் சாதி, சாத்திரம், சடங்கு மூன்றையும் விட்டவர் அந்த இடத்தில் என்ன வைத்தார் என்று பாருங்கள். 1867 மே 23 அன்று வடலூரில் தருமச்சாலை தொடங்கி அடுப்பு மூட்டினார். வந்தவர் யார் என்று கேட்காத சாப்பாடு. அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை.

இறப்பைப் பற்றி அவர் தம் அன்பர்களுக்குச் சொன்னது இன்னும் முக்கியம். கணவன் இறந்தால் மனைவி தாலி வாங்க வேண்டாம், கருமாதிச் சடங்குகள் வேண்டாம், தெரிவிக்க வேண்டியவர்களுக்குத் தெரிவித்து, ஒரு நாளில், வந்தவர்களுக்குச் சோறு போடுங்கள் என்றார். பெண்ணைச் சிதைக்கும் பகுதியை வெட்டினார். ஆட்களைக் கூட்டும் பகுதியை வைத்துக்கொண்டார். சுயமரியாதை இயக்கம் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இது சொல்லப்பட்டுவிட்டது.

உலகின் மற்ற இடங்களிலும் மதத்தை விட்டவர்கள் இந்த இடத்தில்தான் திணறியிருக்கிறார்கள். நார்வேயில் 1951 முதல் பதின்வயதுப் பிள்ளைகளுக்குத் தேவாலயச் சடங்குக்குப் பதிலாக மதம் சாராத ஒரு விழா நடக்கிறது. அதற்கு முன்பாகப் பல வாரங்கள் வகுப்பு உண்டு. ஆண்டுதோறும் வருவதாலும் குடும்பம் கூடுவதாலும் அது நிலைத்தது. லண்டனில் 2013இல் நாத்திகர்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். பாட்டு, பேச்சு, டீ. வேகமாகப் பல நகரங்களுக்குப் பரவியது. சில ஆண்டுகளில் பல கிளைகள் சுருங்கியும் போயின. ஆந்திரத்தில் சரஸ்வதி கோராவும் கோராவும் 1940இல் தொடங்கிய நாத்திக மையம், குடும்பமே வாழும் இடமாகவும், போக்கிடமற்ற பெண்கள் வந்து சேரும் இடமாகவும் இருந்ததால் தலைமுறை கடந்து நிற்கிறது. கருத்தால் மட்டும் சேர்ந்தவர்கள் கருத்து அலுத்ததும் கலைகிறார்கள். சோறும் வேலையும் நாட்காட்டியும் பகிர்ந்தவர்கள் கலைவதில்லை.

பதினாறு மாலைகள்

என் அம்மா சிதம்பரத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்தார். எண்பதுகளின் நடுவில் அங்கே ஒரு மாதர் சங்கத்தில் சேர்ந்தார். வரதட்சணைச் சாவு, ரேஷன் கடை, சாராயக் கடை என்று போராட்டம் ஓயாத காலம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தென்னாற்காட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் வந்தபோது, ஒன்றைக் கவனித்ததாகச் சொல்வார். கடன், சேமிப்பு எல்லாம் காரணம் மட்டும்தான். வாரம் ஒரு நாள், குறித்த நேரத்தில், ஒருத்தி வீட்டுத் திண்ணையில் பன்னிரண்டு பெண்கள் கூடியாக வேண்டும் என்ற விதிதான் பெண்களைப் பிடித்து வைத்தது. வராவிட்டால் அபராதம். "கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தவளுங்க இப்ப குழுவுக்குப் போறேன்னு சொல்லிட்டு வராளுங்க" என்று சிரிப்பார். அந்தக் குழுக்கள் பின்னால் கடன் வசூல் இயந்திரங்களாகி, தோழியைத் தோழி துரத்தும் நிலைக்கு வந்ததையும் அவர்தான் சொன்னார்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கிள்ளைப் பக்கம் அம்மாவும் சங்கத்துப் பெண்களும் போனார்கள். எந்தச் சடங்கும் செய்ய நேரமின்றிப் பிள்ளைகளைக் குழியில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த தாய்மார்கள். "என்ன பேசுறதுன்னு தெரியல. பக்கத்துல உக்காந்தோம். மறுநாளும் போனோம். மறுநாளும் போனதுதான் அவங்களுக்கு ஆச்சரியமா இருந்துச்சு" என்றார். நிவாரணம் கொண்டுவந்தவர்கள் ஒரு நாள் வந்தார்கள். திரும்ப வருவதைத்தான் யாரும் திட்டமிடவில்லை.

ஆயா 2009இல் இறந்தார். சடங்கு வேண்டாம் என்று அவரும் சொல்லியிருந்தார். கோயில் மண்டபத்தில் இருபத்தைந்து ஆண்டுகள் உட்கார்ந்தவர் கடைசி வரை சாமி கும்பிட்டாரா என்று எனக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. பாடையை அம்மாவும் நானும் சங்கத்துப் பெண்கள் இருவரும் தூக்கினோம். சுடுகாட்டுக்குப் பெண்கள் வந்தது சொந்தக்காரர்களுக்கு அதிர்ச்சி. கொள்ளியை அம்மா வைத்தார்.

அன்று மாலை சங்கத்துத் தோழி ஒருவர் ஒரு நோட்டை எடுத்து, ஒன்று முதல் பதினாறு வரை எண் போட்டு, எதிரே பெயர் எழுதச் சொன்னார். தினம் இருவர். ஒருவர் சாப்பாடு கொண்டுவர வேண்டும், ஒருவர் ஆறு மணிக்கு வந்து எட்டு மணி வரை இருக்க வேண்டும். மந்திரம் இல்லை, சொற்பொழிவு இல்லை. என் கணவரும் என் தம்பியும் பெயர் எழுதினார்கள், சோறாக்கும் வரிசையிலும். அதைக் குறிப்பாகச் சொல்கிறேன், ஏனென்றால் பழைய பதினாறு நாளின் அத்தனை சமையலும் பெண்கள் தலையில்தான் இருந்தது. மாற்று என்ற பெயரில் அதையே திரும்பக் கட்டினால் அது மாற்றல்ல.

ஏழாம் நாள் மாலை கோயில் மண்டபத்து மூதாட்டிகள் மூவர் கடலூரிலிருந்து பேருந்து பிடித்து வந்தார்கள். அவர்களில் ஒருவர் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார். அம்மா ஒரு நிமிடம் விறைத்து நின்றார். பிறகு அவரும் அழுதார். தாத்தா இறந்த 26 ஆண்டுகளில் அம்மா அழுது நான் பார்த்தது அதுவே முதல் முறை. யாரும் அதைப் பிற்போக்கு என்று சொல்லவில்லை.

அந்த நோட்டு இன்னும் எங்களிடம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்பது வீடுகளில் அதே வரிசையைப் பின்பற்றியிருக்கிறோம். இரண்டு வீடுகளில் சரியாக நடக்கவில்லை, பத்தாம் நாளுக்கு மேல் ஆள் வரவில்லை. எங்களுக்குப் பின்னால் சாமியும் இல்லை, சாதியும் இல்லை, வராவிட்டால் பாவம் என்ற பயமும் இல்லை. விருப்பத்தை மட்டும் வைத்து ஒரு கடமையைக் கட்ட வேண்டியிருக்கிறது. அது கடினம்.

அம்மாவுக்கு இப்போது எழுபது வயது. போன மாதம் சிதம்பரம் மேலவீதியில் நடந்துகொண்டிருந்தபோது, மாலைக் கூட்டம் கோயிலுக்குள் போவதைப் பார்த்தபடி, "பாப்பா, சங்கத்துல என் வயசுக்காரங்க பாதிப் பேரு போயிட்டாங்க. எனக்கு நோட்டுல பேரு எழுத ஆளு இருக்குமா?" என்று கேட்டார். இருக்கும்மா என்று உடனே சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்துப் பார்த்தேன். கடைசியாகப் பெயர் எழுதியவர்களில் நாற்பது வயதுக்குக் கீழே இருந்தவர்கள் மூவர்தான். இந்த ஞாயிறு அந்த மூவரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். அவர்களுடைய தோழிகளையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.